எக்ஸ்ரேயில் வெண்மை தெரிகிறது. சி.டி. ஸ்கேன் எடுத்தால் எந்த வைரஸ் என்று தெரிந்துவிடுமா?

மேலூர்க் கண்ணன் | திங்கள், இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 63 வயது. ஐந்து நாளாகக் காய்ச்சல், வறட்டு இருமல், அடித்துப்போட்டாற்போல உடம்பு வலி. முதலில் வீட்டுக் குழந்தைகளுக்கு வந்து, பிறகு அவருக்கும் தொற்றிக்கொண்டது. இன்று எங்கள் ஊர் மருத்துவர் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "இரண்டு பக்கமும் அடிப்பகுதியில் லேசாக வெண்மை தெரிகிறது, வைரஸ் நிமோனியாவாக இருக்கலாம்" என்றார். மூக்கிலிருந்து மாதிரி எடுத்து மதுரைக்கு அனுப்பியிருக்கிறார். ஆக்சிஜன் அளவு 96. கஞ்சி குடிக்கிறார், நன்றாகப் பேசுகிறார்.

சித்தப்பா மாலையிலிருந்து தொலைபேசியில் விடாமல் சொல்கிறார்: "சி.டி. எடுத்துவிடு, என்ன வைரஸ் என்று அச்சடித்தாற்போலத் தெரிந்துவிடும்." அம்மாவுக்கு ஸ்கேன் என்ற சொல்லே ஆகாது. 2021 மே மாதம் அப்பாவுக்குப் பன்னிரண்டு நாளில் மூன்று சி.டி. எடுத்தார்கள். நுரையீரல் பாதிப்புக்கு 25க்கு இத்தனை என்று ஓர் எண் போட்டார்கள்: முதலில் 4, அடுத்து 11, கடைசியில் 19. தேர்வு முடிவுக்குக் காத்திருப்பதுபோல அந்த எண்ணுக்காக மருத்துவமனை வாசலில் நின்றோம். அப்பா திரும்பி வரவில்லை.

இப்போது ஸ்கேன் எடுப்பதா, வேண்டாமா? அது உண்மையில் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வைகைக்கரை | திங்கள், இரவு 10:25

கண்ணன், அப்பாவைப் பற்றிப் படித்தபோது மனம் கனத்துவிட்டது. நான் ரேடியாலஜிஸ்ட். பதினேழு ஆண்டுகளாக நெஞ்சகப் படங்களைப் படிப்பதுதான் என் வேலை. உங்கள் அம்மாவை நேரில் பார்த்த மருத்துவரின் இடத்தில் என்னால் உட்கார முடியாது. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

சி.டி.யில் வைரஸ் தெரியாது. வைரஸுக்கு நுரையீரல் என்ன எதிர்வினை காட்டியிருக்கிறது என்பதுதான் தெரியும். நல்ல நுரையீரல் முழுக்கக் காற்று. அதனால் படத்தில் கறுப்பாக இருக்கும். காற்று நுண்ணறைகளின் சுவர் வீங்கி, உள்ளே கொஞ்சம் நீர் கசிந்தால் அந்த இடம் சாம்பல் நிறமாகும். பின்னால் இருக்கும் இரத்தக் குழாய்கள் அந்தச் சாம்பலின் ஊடே இன்னும் தெரிந்துகொண்டிருக்கும். இதைத்தான் அறிக்கையில் 'கிரவுண்ட் கிளாஸ் ஒபாசிட்டி' என்று எழுதுகிறோம். குளியலறை ஜன்னலில் போடும் மங்கல் கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள். நுண்ணறை முழுக்க நீரும் செல்களும் நிறைந்துவிட்டால் குழாய்களும் மறைந்து முழு வெள்ளையாகிவிடும். அதற்குப் பெயர் 'கன்சாலிடேஷன்'.

இந்த மங்கலை கொரோனாவும் உண்டாக்கும், இன்ஃபுளுயன்சாவும் உண்டாக்கும். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தாலும், சில மருந்துகளின் பக்கவிளைவிலும், நுண்ணறைக்குள் இரத்தம் கசிந்தாலும் இதே மங்கல்தான். அது எங்கே படர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். கொரோனா நிமோனியா பெரும்பாலும் இரண்டு நுரையீரலிலும், வெளி ஓரமாக, முதுகுப்பக்க அடிப்பகுதியில் திட்டுத் திட்டாக வரும். பெரியவர்களுக்குச் சின்னம்மை நுரையீரலில் இறங்கினால் கேழ்வரகை இறைத்தாற்போலச் சிறு புள்ளிகள். இவை சாய்வுகளே, சாட்சியம் என்று சொல்ல முடியாது. எந்த வைரஸ் என்று பெயர் சொல்ல வேண்டியது, உங்கள் மருத்துவர் ஏற்கெனவே அனுப்பியிருக்கும் அந்த மூக்கு மாதிரி.

சேலம் செல்வி | திங்கள், இரவு 11:08

மேடம், நீங்கள் சொல்வதை மறுக்கும் படிப்பு எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2020 ஆகஸ்டில் என் அண்ணனுக்கு மூக்கு மாதிரியில் செய்யும் ஆர்.டி.பி.சி.ஆர். கொரோனா சோதனை இரண்டு முறை நெகட்டிவ். "ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். எட்டாம் நாள் மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டார். வேறொரு மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இரண்டு நுரையீரலிலும் படர்ந்திருந்தது. அன்றே ஆக்சிஜன் வைத்தார்கள். இன்று அவர் பேருந்து ஓட்டுகிறார். அந்த ஸ்கேன் இல்லையென்றால் என் அண்ணன் இல்லை. தயவுசெய்து ஸ்கேன் தேவையில்லை என்று யாரும் பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள்.

வைகைக்கரை | செவ்வாய், காலை 6:15

செல்வி, நீங்கள் சொன்னது முழுக்க நியாயம். உங்கள் அண்ணனுக்கு அன்று ஸ்கேன் எடுத்தது சரியான முடிவு. நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது, சோதனை நெகட்டிவ், இரண்டும் ஒத்துப்போகவில்லை. அந்த இடத்தில்தான் சி.டி. தன் முழு மதிப்பைக் காட்டும்.

வூஹானில் நடந்தது இதுவேதான், ஒரு மாகாணத்தின் அளவில். 2020 பிப்ரவரியில் அங்கே சோதனைக் கருவிகள் போதவில்லை, முடிவு வர நாளானது. வூஹான் இருக்கும் ஹூபெய் மாகாணத்தில் அறிகுறியும் சி.டி. படமும் பொருந்தினாலே நோயாளி என்று கணக்கிடத் தொடங்கினார்கள். பிப்ரவரி 13 அன்று வெளியான எண்ணிக்கையில் ஒரே நாளில் 14,840 பேர் கூடினார்கள். அவர்களில் 13,332 பேர் இந்தப் புதிய வரையறையால் சேர்க்கப்பட்டவர்கள். சில நாட்களில் அந்த வரையறையைக் கைவிட்டுவிட்டாலும், படுக்கை கிடைக்காமல் அலைந்தவர்களுக்கு அந்த நாட்களில் அது ஒரு கதவைத் திறந்தது.

அதே மாதம் வூஹானின் தோங்ஜி மருத்துவமனையிலிருந்து 1,014 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு வந்தது. ஆர்.டி.பி.சி.ஆர். பாசிட்டிவ் ஆன 601 பேரில் 97 சதவீதத்தினரின் சி.டி.யில் மாற்றம் தெரிந்தது. இந்த 97 உலகமெங்கும் பரவியது, சித்தப்பாக்கள் காது வரை. ஆய்வின் மறுபாதியை யாரும் சொல்லவில்லை. சோதனையில் நெகட்டிவ் வந்த 413 பேரில் 308 பேரின் ஸ்கேனும் 'நோய் இருக்கிறது' என்றே காட்டியது. அவர்களில் சிலருக்கு உங்கள் அண்ணனைப்போல உண்மையில் நோய் இருந்திருக்கும். எல்லோருக்கும் இருந்திருக்காது. ஊரே ஒரு நோயில் கிடக்கும்போது மங்கலைப் பார்த்ததும் அந்த நோயின் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும். கொள்ளைநோய் அடங்கியபின் அதே மங்கலுக்கு அதே பெயரைச் சொன்னால் தவறிவிடும். படம் அதேதான், சுற்றியிருக்கும் ஊர்தான் மாறிவிட்டது.

பிறகு பல ஆய்வுகளைத் திரட்டி 2022இல் காக்ரேன் அமைப்பு மதிப்பிட்டபோது, கொரோனா உள்ளவர்களில் சுமார் 87 சதவீதத்தினரை சி.டி. பிடித்தது, இல்லாதவர்களில் சுமார் 78 சதவீதத்தினரை 'இல்லை' என்று சரியாகச் சொன்னது. எக்ஸ்ரேக்கு இரண்டுமே 73 சதவீதம் அளவில்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அறிகுறி தொடங்கி இரண்டு நாளுக்குள் ஸ்கேன் எடுக்கப்பட்ட 36 பேரை ஓர் ஆய்வில் பார்த்தார்கள். 20 பேருக்குப் படம் சுத்தமாக இருந்தது. 'ஸ்கேன் நார்மல்' என்ற தாளை வைத்துக்கொண்டு திருமணத்துக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இருட்டறை | செவ்வாய், காலை 7:50

வணக்கம். ஃபிலிமைக் கழுவிக் காயப்போட்ட காலத்திலிருந்து ரேடியோகிராபராக இருக்கிறேன். படம் எப்படி எடுக்கப்படுகிறது என்பதையும் கொஞ்சம் பேச வேண்டும். அதை யாரும் பேசுவதே இல்லை.

சி.டி. மேசையில் படுத்தவரிடம் "மூச்சை நன்றாக இழுத்து அடக்குங்கள்" என்கிறோம். ஐந்து நிமிடமாக இருமிக்கொண்டிருப்பவரால் எப்படி அடக்க முடியும்? பாதி மூச்சில் விட்டுவிடுவார். நுரையீரலில் காற்று குறைந்தால் முழு நுரையீரலும் சாம்பலாகத் தெரியும். நோயே இல்லாத இடத்தில் மங்கல் வந்துவிடும். மல்லாந்து படுத்திருப்பதால் முதுகுப்பக்க அடிப்பகுதி கொஞ்சம் அமுங்கி, அங்கேயும் ஒரு மங்கல் பட்டை வரும். மேடம் மேலே சொன்ன அதே இடம்! சந்தேகம் வந்தால் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுப்போம். அமுக்கத்தால் வந்தது என்றால் மறைந்துவிடும், நோய் என்றால் அப்படியே நிற்கும். 2021 மே மாதத்தில் ஒரு நாளைக்கு நூறு பேர் வரிசையில் நின்றபோது, யாரைக் குப்புறப் படுக்கவைத்து மறுபடி எடுக்க நேரம் இருந்தது? அந்த நாட்களில் மூச்சடக்காமல் எடுத்த படங்கள் எத்தனை என் கையைத் தாண்டிப் போயின என்று நினைத்தால் இன்றும் உறுத்துகிறது.

எக்ஸ்ரேயிலும் இப்படித்தான். பெண்களுக்கு மார்பகத்தின் நிழல் இரண்டு பக்கமும் அடிப்பகுதியில் விழும். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னால் வயதான அம்மாக்கள் கண்கலங்கிவிடுவார்கள். கழற்றாமல் சங்கிலியை வாயில் கவ்விக்கொள்ளச் சொல்லி, நெஞ்சை விட்டு விலக்கி எடுத்திருக்கிறேன்.

கண்ணன் தம்பி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அம்மாவின் பழைய எக்ஸ்ரே ஏதாவது வீட்டில் இருக்கிறதா? கண் அறுவைக்கு முன்போ, வேறு எதற்கோ எடுத்தது? தேடிப் பாருங்கள். புதிய ஸ்கேனைவிடப் பழைய படம் சில நேரம் அதிகம் பேசும்.

குமரி ஆசிரியர் | செவ்வாய், பிற்பகல் 1:20

இயற்பியல் ஆசிரியர் என்ற முறையில் கதிர்வீச்சு பற்றி. ஒரு சி.டி. 300 முதல் 400 எக்ஸ்ரேக்குச் சமம் என்று அன்றைய எய்ம்ஸ் இயக்குநர் ரண்தீப் குலேரியா 2021 மே 3 அன்று சொன்னார். இலேசான நோயுள்ளவர்கள் ஸ்கேன் மையத்துக்கு ஓடுவதைத் தடுக்கவே அப்படிச் சொன்னார். ரேடியாலஜிஸ்டுகளின் அகில இந்தியச் சங்கம் உடனே மறுத்தது. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டு தரப்புக்கும் ஆதாரம் உண்டு.

உடம்பில் படும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறோம். வழக்கமான நெஞ்சு சி.டி.யில் சுமார் 7 மில்லிசீவர்ட். நேராக நின்று எடுக்கும் ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் 0.02 அளவு. வகுத்துப் பார்த்தால் 350 வருகிறது. ஆனால் கதிர் அளவைக் குறைத்து 1 அல்லது 1.5 மில்லிசீவர்ட்டில் எடுக்கும் முறையும் இருக்கிறது. அதில் கணக்கு பல மடங்கு இறங்கிவிடும். நாம் சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் நம்மேல் படுகிறது. எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் மணலில் தோரியம் இருப்பதால் இன்னும் அதிகம். ஆகவே தேவைப்படும் ஒரு ஸ்கேனுக்கு யாரும் அஞ்ச வேண்டாம். ஆனால் பன்னிரண்டு நாளில் மூன்று முறை, அதுவும் சிகிச்சையில் எதையும் மாற்றாத ஸ்கேன் என்றால், அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

மேலூர்க் கண்ணன் | செவ்வாய், மாலை 6:05

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு இன்று 100 டிகிரி. ஆக்சிஜன் 96, 95 என்று நிற்கிறது. ஸ்கேன் எடுக்கவில்லை.

வைகைக்கரை மேடம், நான்கு ஆண்டுகளாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வி. அப்பாவுக்கு முதல் ஸ்கேனில் 4 வந்தபோது ஆக்சிஜன் 97. அன்றே ஸ்டீராய்டு தொடங்கினார்கள். "மார்க் ஏறுவதற்குள் நிறுத்திவிடலாம்" என்றார்கள். அந்த 4 என்ன எண்? அதை வைத்து மருந்து கொடுத்தது சரியா?

வைகைக்கரை | செவ்வாய், இரவு 9:55

கண்ணன், இதற்கு உடனே எழுத என்னால் முடியவில்லை. ஒரு மணி நேரம் யோசித்தேன்.

நுரையீரலுக்கு வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் இரண்டு என ஐந்து மடல்கள். ஒவ்வொரு மடலிலும் எவ்வளவு பாதிப்பு என்று கண்ணால் மதிப்பிட்டு 0 முதல் 5 வரை எண் போடுகிறோம். 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் 1, முக்கால் பங்குக்கு மேல் என்றால் 5. கூட்டினால் 25க்கு ஓர் எண். கண் மதிப்பு என்பதால் நான் 9 போடும் படத்துக்கு என் சக மருத்துவர் 11 போடலாம். அந்த எண் எடுத்த நாளைப் பொறுத்தது. கொரோனாவில் நுரையீரல் மாற்றம் பத்தாம் நாள் அளவில் உச்சத்துக்குப் போகும் என்பது வூஹான் நோயாளிகளிலேயே தெரிந்தது. ஆகவே நான்காம் நாள் 4, எட்டாம் நாள் 11 என்று ஏறுவது, பிழைத்தெழுந்த பலருக்கும் நடந்ததுதான். எண்ணைப் பார்த்து வாசலில் நின்ற உங்களுக்கு இதை அன்றே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஸ்டீராய்டு பற்றி: பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு முடிவு 2020 ஜூனில் வந்தது. டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தபோது, வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தார்கள். ஆக்சிஜன் மட்டும் வைத்தவர்களில் 26.2 என்பது 23.3 ஆனது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் எதுவும் தெரியவில்லை. தீங்கு நேர்ந்திருக்கலாம் என்ற சந்தேகமே எஞ்சியது. ஆகவே ஸ்டீராய்டு தொடங்கும் முடிவு ஆக்சிஜன் அளவைப் பார்த்து எடுக்க வேண்டியது. சி.டி. எண்ணைப் பார்த்து எடுக்க வேண்டியதில்லை.

உங்கள் அப்பாவின் முடிவு அதனால் மாறியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். அந்த மே மாதத்தில் நானே ஒரு நாளைக்கு எண்பது அறிக்கைகளுக்கு எண் போட்டேன். கீழே 'இந்த எண்ணை நோயாளியின் ஆக்சிஜன் அளவோடு சேர்த்தே பார்க்கவும்' என்று ஒரு வரி தட்டச்சு செய்வேன். எண்ணை மட்டும் வெட்டி வாட்ஸாப்பில் அனுப்பிக்கொண்டார்கள். அந்த வரியை மேலே, எண்ணுக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. இப்போது அப்படித்தான் எழுதுகிறேன்.

நிரலன் | புதன், காலை 10:30

மென்பொருள் துறையில் இருக்கிறேன். செயற்கை நுண்ணறிவு ஸ்கேனைப் பார்த்து வைரஸைச் சொல்லிவிடும் என்று செய்திகள் வந்தன அல்லவா? அதில் என் அனுபவம். 2020இல் நண்பர்கள் சேர்ந்து, இணையத்தில் கிடைத்த எக்ஸ்ரேக்களை வைத்து ஒரு நிரல் எழுதினோம். முதல் வாரத்திலேயே 98 சதவீதம் சரியாகச் சொன்னது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகுதான் ஒரு குழந்தை நல மருத்துவர் படங்களைப் பார்த்துவிட்டு, "நோயில்லாதவர்கள் என்று நீங்கள் வைத்திருக்கும் எல்லோரும் குழந்தைகள்" என்றார். உண்மைதான். குவாங்சோவில் ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் எடுத்த படத்தொகுப்பு அது. கொரோனா படங்கள் எல்லாம் பெரியவர்களுடையவை. எங்கள் நிரல் கற்றுக்கொண்டது குழந்தையின் விலா எலும்புக்கும் பெரியவரின் விலா எலும்புக்கும் உள்ள வேறுபாட்டை. நுரையீரலை அது பார்க்கவே இல்லை.

இதே தவறை உலகமெங்கும் செய்திருந்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் 2,212 ஆய்வுகளிலிருந்து சல்லடை போட்டு 62ஐத் தேர்ந்தெடுத்து ஆராய்ந்து, மருத்துவமனையில் பயன்படுத்தத் தகுதியானது ஒன்றுகூட இல்லை என்று 2021 மார்ச்சில் எழுதினார்கள். எக்ஸ்ரே மூலையில் வலம், இடம் என்று காட்ட வைக்கும் எழுத்துக்குறியைப் பார்த்தே விடை சொன்ன நிரல்களும் இருந்தன.

இருட்டறை | புதன், காலை 11:15

அந்த எழுத்துக்குறி ஈயத்தில் செய்தது. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு வடிவம். அதைப் பார்த்தே இது எந்த மருத்துவமனைப் படம் என்று நானே சொல்லிவிடுவேன். இயந்திரம் சொன்னதில் வியப்பில்லை.

வல்வை நிலா | புதன், இரவு 8:40

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். குழந்தைகள் விடுதியில் மருத்துவராக வேலை செய்கிறேன். சிறு குழந்தைகளுக்கு ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸால் வரும் மூச்சுக்குழல் அழற்சியில் நாங்கள் வழமையாக எக்ஸ்ரேகூட எடுப்பதில்லை. எடுத்தால் ஏதாவது ஒரு வெண்மை தெரியும், உடனே அன்டிபயோடிக் எழுதச் சொல்லிப் பெற்றோர் கேட்பார்கள், வைரஸுக்கு அது உதவாது. குழந்தையின் மூச்சு எண்ணிக்கை, மூச்சு இழுக்கும்போது விலா உள்வாங்குகிறதா, பால் குடிக்கிறதா என்பவையே எங்களுக்குப் போதும்.

படம் வேண்டிய இடத்தில் அல்ட்ராசவுண்ட் கருவியை விலாவுக்கு இடையில் வைத்துப் பார்க்கும் வழி இருக்கிறது. கதிர்வீச்சு இல்லை, குழந்தை தாயின் மடியிலேயே இருக்கலாம். நல்ல நுரையீரலில் கிடைக்கோடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். நீர் கோத்திருந்தால் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள் கதிர்போல இறங்கும். பிரான்சின் டேனியல் லிச்டென்ஸ்டைன் இதைத் தீவிர சிகிச்சைக்குள் கொண்டுவந்தவர். தமிழ்நாட்டில் இதை அதிகம் செய்கிறீர்களா?

வைகைக்கரை | புதன், இரவு 9:30

செய்கிறோம், ஆனால் செய்ய வேண்டிய அளவுக்கு இல்லை. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994இல் வந்த சட்டத்தின்கீழ் ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் கருவியையும் பதிவு செய்ய வேண்டும். தூக்கிச் செல்லும் கருவிகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. பதிவான கட்டடத்தை விட்டு நினைத்தபடி வெளியே கொண்டுபோக முடியாது. பெண் குழந்தைகளைக் காக்க வந்த அந்தச் சட்டம் தேவை என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் நுரையீரலை மட்டும் பார்க்கும் வேலைக்கு ஒரு தனி வழி வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மேலூர்க் கண்ணன் | வெள்ளி, காலை 8:10

மாதிரி முடிவு வந்துவிட்டது. இன்ஃபுளுயன்சா ஏ. கொரோனா இல்லை. இன்ஃபுளுயன்சாவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரையை முடிவுக்குக் காத்திருக்காமல் திங்கட்கிழமையே மருத்துவர் தொடங்கியிருந்தார். நேற்றிலிருந்து காய்ச்சல் இல்லை. மருத்துவர் சொன்னபடி ஆறு நிமிடம் திண்ணையில் நடக்கவைத்துப் பார்த்தோம். நடந்தபிறகும் 95.

இருட்டறை ஐயா, நீங்கள் கேட்ட பழைய படம் கிடைத்தது. பீரோவுக்கு மேல், அப்பாவின் படங்கள் இருந்த பையிலேயே இருந்தது. 2018இல் அம்மாவின் கர்ப்பப்பை அறுவைக்கு முன் எடுத்தது. அந்தப் பையைத் திறக்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. மருத்துவர் இரண்டையும் பக்கம் பக்கமாக விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தார். வலப்பக்க அடியில் இருக்கும் வெண்மை அன்றே இருந்திருக்கிறது, ஏதோ பழைய தழும்பு என்றார். இடப்பக்கம் மட்டும்தான் புதியது. இனி எப்போது மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும்?

வைகைக்கரை | வெள்ளி, காலை 8:45

மிகவும் மகிழ்ச்சி. அம்மா தேறிவந்தாலும், வயதை முன்னிட்டு ஆறு வாரம் கழித்து ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து இடப்பக்கம் தெளிந்ததா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அதற்கு முன் எடுத்தால், குணமாகிக்கொண்டிருப்பதையே நோய் என்று படித்துவிட வாய்ப்பு உண்டு. தெளியாமல் நின்றால் அப்போது சி.டி. தேவைப்படலாம், தயங்க வேண்டாம். இதற்கிடையில் மூச்சு வாங்கினாலோ, ஆக்சிஜன் 94க்குக் கீழே போனாலோ, காய்ச்சல் விட்டுத் திரும்பி வந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

இருட்டறை | வெள்ளி, காலை 9:20

தம்பி, 2018 படத்தையும் இந்த வாரப் படத்தையும் ஒரே உறையில் போட்டு, மேலே தேதி எழுதி வையுங்கள். மடிக்க வேண்டாம், வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டாம். ஆறு வாரம் கழித்துப் போகும்போது இரண்டையும் கையில் எடுத்துப் போங்கள்.